ஆதலும் ஆக்கலும்: ‘உலகமயம்’ என்னும் சொல் குறித்து ஒரு விளக்கம்

முன்னுரை

மேடைப்பேச்சிலும் நாளேட்டுத் தலையங்கத்திலும் பாடநூலிலும் தேர்வுத்தாளிலும் ஒருங்கே வழங்கும் சொற்கள் சில உண்டு. எல்லாரும் அறிந்தவை போலத் தோன்றுவதால் அவற்றின் பொருளை எவரும் வினவுவதில்லை. ‘உலகமயம்’ என்பது அத்தகைய சொற்களுள் ஒன்று. இதனைப் போற்றுவோரும் உளர்; தூற்றுவோரும் உளர். இன்னது என வரையறுத்த பின் போற்றுவோரும் தூற்றுவோரும் மிகச் சிலரே.

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் இச்சொல்லைத் தலைப்பாகத் தந்து கட்டுரை எழுதுமாறு மாணவர்களைப் பணித்தோம். விடைத்தாள்களில் ஏறக்குறையப் பாதியில் ‘உலகமயமாதல்’ என்றும், எஞ்சியவற்றில் ‘உலகமயமாக்கல்’ என்றும் இருந்தது. இரண்டையும் பிழையற்றவை எனக் கொண்டு மதிப்பெண் வழங்கினோம். தாள்களைத் திருப்பித் தந்த நாளில், ஆரணிப் பக்கத்து நெசவாளர் குடும்பத்தைச் சேர்ந்த மாணவர் ஒருவர் எழுந்தார். “ஐயா, இரண்டும் ஒன்றுதானா? எங்கள் வீட்டுத் தறி நின்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அது தானாக நின்றதா, நிறுத்தப்பட்டதா என்பதைத்தான் எழுத நினைத்தேன். எந்தச் சொல்லைப் போடுவது என்று விளங்கவில்லை” என்றார்.

அன்று தன்வினை, பிறவினை பற்றிய இலக்கண விடையொன்றைக் கூறி அமைந்தோம். அவ்விடை சரியானதே, ஆயினும் அவர் கேட்ட கேள்விக்கு அது போதுமானதன்று என்பதைப் பின்னரே உணர்ந்தோம். அக்குறையை நிறைவு செய்யும் முயற்சியாக இக்கட்டுரை அமைகின்றது.

சொல் வந்த வழி

ஆங்கிலத்தில் இச்சொல் 1980களில் பரவலாயிற்று. தியோடர் லெவிட் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1983இல் சந்தைகளின் உலகமயம் பற்றி எழுதிய கட்டுரை அதற்குப் பெரிதும் துணைநின்றது. உலகெங்கும் மக்களின் விருப்பங்கள் ஒன்றுபட்டு வருகின்றன. ஆதலின் ஒரே பொருளை ஒரே முறையில் எங்கும் விற்கலாம் என்பது அவர்தம் கருத்து. எனவே இச்சொல் தன் இளமையிலேயே சந்தையின் மடியில் வளர்ந்தது எனலாம்.

தமிழில் இது வேரூன்றியது 1991க்குப் பின்னர். அவ்வாண்டு நடுவில் இந்தியாவின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு சில வார இறக்குமதிக்கு மட்டுமே போதுமான அளவுக்குச் சுருங்கிற்று. சூலை 1, 3 ஆகிய நாள்களில் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. அதே மாதத்தில் ஏறத்தாழ 47 டன் தங்கம் கடனுக்கு ஈடாக இங்கிலாந்து வங்கிக்கு அனுப்பப்பட்டது. சூலை 24ஆம் நாள் புதிய தொழிற்கொள்கையும் மன்மோகன் சிங் அவர்களின் வரவு செலவுத் திட்டமும் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டன. தாராளமயம், தனியார்மயம், உலகமயம் என்னும் மூன்று சொற்களும் உடன்பிறந்தார் போல ஒருங்கே தமிழுக்குள் வந்தன. அடுத்து, ‘டங்கல் திட்டம்’, ‘காட் ஒப்பந்தம்’ என்னும் தொடர்கள் சுவரொட்டிகளில் இடம்பெற்றன. 1994 ஏப்ரல் 15ஆம் நாள் மொராக்கோ நாட்டின் மராக்கேஷ் நகரில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1995 சனவரி முதல் நாள் உலக வணிக அமைப்பு செயற்படத் தொடங்கியது.

இதே காலத்தில் வழங்கிய மற்றொரு தொடரையும் ஈண்டு நினைவுகூர வேண்டும். அது ‘புதிய உலக ஒழுங்கு’ என்பது. 1974 மே முதல் நாள் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை ‘புதிய பன்னாட்டுப் பொருளாதார ஒழுங்கு’ ஒன்றை நிறுவ வேண்டுமெனத் தீர்மானித்தது. விடுதலை பெற்ற வறிய நாடுகள் தம் மூலப்பொருள்களுக்கு நேரிய விலை கேட்டு எழுப்பிய குரல் அது. பதினாறு ஆண்டுகள் சென்றபின், 1990 செப்டம்பர் 11ஆம் நாள், குவைத்தை ஈராக் கைப்பற்றிய சூழலில், அமெரிக்க அதிபர் சார்ஜ் புஷ் தம் நாட்டு நாடாளுமன்றத்தில் ‘புதிய உலக ஒழுங்கு’ பற்றிப் பேசினார். சொற்கள் ஏறக்குறைய ஒன்றே; சொன்னவர் வேறு, கருதிய பொருள் வேறு. அவ்வாண்டு ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் அம்மான் நகரிலிருந்து வானூர்திகளில் தாயகம் மீட்கப்பட்டனர். தம் வாழ்நாள் உழைப்பையும் சேமிப்பையும் குவைத்தில் விட்டுவிட்டுக் கையில் ஒரு பெட்டியுடன் வந்திறங்கியோரை நம் ஊர்ப் பெரியோர் பலர் கண்டிருப்பர். அவர்களுக்கு அந்த ‘ஒழுங்கு’ எவ்வாறு ஒலித்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம். ஆங்கில மூலச் சொல்லுக்கு ‘ஒழுங்கு’ என்றும் பொருள் உண்டு. ‘ஆணை’ என்றும் பொருள் உண்டு. தமிழாக்கியோர் முதற்பொருளை எடுத்துக்கொண்டனர். ‘ஒழுக்கம்’ என்னும் சொல்லோடு உறவுடைய ‘ஒழுங்கு’ நம் செவிக்கு நல்ல சொல்லாகவே படுகின்றது. மொழிபெயர்ப்பில் ஒரு சொல்லைத் தேர்வதும் ஒரு பக்கம் சார்வதாக அமைந்துவிடும் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

‘மயம்’ என்பதும் ‘உலகம்’ என்பதும்

‘மயம்’ என்பது வடமொழி வழி வந்த ஈறு. ஒன்றால் ஆனது, ஒன்றால் நிறைந்தது என்பன அதன் பொருள்கள். பொன்மயம் என்றால் பொன்னால் நிறைந்தது. திருவண்ணாமலை போன்ற கோயில் நகரங்களில் கடிதத்தின் தலைப்பிலும் அழைப்பிதழின் நெற்றியிலும் ‘சிவமயம்’ என்று எழுதும் வழக்கம் இன்றும் உண்டு. எங்கும் சிவம் நிறைந்திருக்கின்றது என்பது அவ்வாறு எழுதுவோர் கொள்கை. இவ்வழியே நோக்கின் ‘உலகமயம்’ என்பதற்கு ‘எங்கும் உலகம் நிறைந்திருத்தல்’ என்பதே பொருளாகும். ஆயின் உலகில் உலகம் நிறைந்திருப்பதில் புதுமை யாது?

விடை ‘உலகம்’ என்னும் சொல்லில் உள்ளது. உலகம் என்பதற்கு நிலப்பரப்பு என்றும், மக்கள் என்றும், உயர்ந்தோர் என்றும் பழைய உரையாசிரியர்கள் பொருள் கண்டனர். ‘உலகமயம்’ என்னும் தொடரில் இம்மூன்றனுள் எதனைக் கொள்வது? மக்கள் எல்லாரும் எங்கும் சென்று வாழலாம் என்பது பொருளாயின் கடவுச்சீட்டும் நுழைவு இசைவும் வேண்டியதில்லை. உண்மையில் பணமும் பண்டமும் எல்லை கடந்த அளவுக்கு மனிதர் எல்லை கடக்க இசைவு பெறவில்லை. கணியன் பூங்குன்றனாரின் புறப்பாட்டை உலகமயத்திற்கு மேற்கோளாகக் காட்டுவோர் இவ்வேறுபாட்டை நோக்க வேண்டும். அப்புலவர் மனிதரிடையே உள்ள உறவைப் பாடினார்; சந்தையைப் பாடினாரல்லர்.

ஆதல் என்பதும் ஆக்கல் என்பதும்

இனி, மாணவர் எழுப்பிய வினாவுக்கு வருவோம். பெருகு என்பது தன்வினை. பெருக்கு என்பது பிறவினை. உருகு, உருக்கு என்பனவும் அவ்வாறே. ஆகு என்பதற்குப் பிறவினை ஆக்கு. ‘ஆதல்’ என்று சொல்லும்போது நிகழ்ச்சி தானே நிகழ்கின்றது. மழை பெய்தலைப் போல, பயிர் முதிர்தலைப் போல. ‘ஆக்கல்’ என்று சொல்லும்போது ஆக்குவோன் ஒருவன் வேண்டும். தொழிற்பெயராக நிற்கும்போது அவன் வெளிப்பட நிற்பதில்லை. வாக்கியத்தில் மறைந்து நின்று பொருள் தரும் எழுவாயைத் தோன்றா எழுவாய் என்பது நம் இலக்கண மரபு. ‘உலகமயமாக்கல்’ என்னும் சொல்லுக்குள் அத்தகைய எழுவாய் ஒன்று ஒளிந்திருக்கின்றது. ‘உலகமயமாதல்’ என்னும் சொல்லோ அவ்வெழுவாய்க்கு இடமே தருவதில்லை.

ஆகவே இவ்விரு சொற்களிடையே உள்ள வேற்றுமை ‘க்க்’ என்னும் எழுத்தளவில் அமைந்ததன்று. ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர், அறிந்தோ அறியாமலோ, வரலாற்றுக்குப் பொறுப்பாளி உண்டு என்கிறார்; மற்றொன்றைத் தேர்ந்தெடுப்பவர் இல்லை என்கிறார்.

பிறமொழிகளை நோக்குதல் இதனைத் தெளிவாக்கும். பாரசீக மொழியிலும் இரு சொற்கள் உள்ளன. ‘ஜஹானீ ஷுதன்’ என்பது உலகமாதல். ‘ஜஹானீ ஸாஸீ’ என்பது உலகமாக்கல். நம்மிடையே உள்ள அதே வழக்காடல் அங்கும் உண்டு. அரபு மொழியில் உலகத்தைக் குறிக்கும் ‘ஆலம்’ என்னும் சொல்லடியாக ‘அவ்லமா’ என்னும் சொல்லை ஆக்கினர். எல்லா மாந்தர்க்கும் பொதுவாதல் என்னும் பொருளுடைய ‘ஆலமிய்யா’ என்னும் சொல்லிலிருந்து அதனை வேறுபடுத்தியும் பேசுகின்றனர். உருதுவில் வழங்குவது ‘ஆலம்கீரிய்யத்’. ‘ஆலம்கீர்’ என்றால் உலகைப் பற்றிக்கொள்பவன். ஔரங்கசீப் சூடிக்கொண்ட பட்டப்பெயர் அது. உருதுச் சொல்லில் எழுவாய் மறைவாகக்கூட இல்லை. வாளோடு வெளியே நிற்கின்றது. இலங்கைத் தமிழர் ‘பூகோளமயமாதல்’ என்றும் ‘பூகோளமயமாக்கம்’ என்றும் எழுதுகின்றனர். அங்கும் ஆதலும் ஆக்கமும் அருகருகே வழங்கக் காண்கிறோம்.

ஆதலுக்குச் சான்றுகள்

எல்லாம் ஆக்கலே என்று கூறுவது வரலாற்றுக்கு ஒவ்வாது. ஆணையிடுவோர் இன்றி ஊர்கள் உலகத்தோடு கலந்ததுண்டு. மலாய் மொழியில் கப்பலைக் ‘கபால்’ என்பர். கடையைக் ‘கெடாய்’ என்பர். இரண்டும் தமிழ் வணிகர் வழிச் சென்ற சொற்கள். தமிழ் விவசாயி தம் நிலத்தின் விளைச்சலை ‘மகசூல்’ என்கிறார். வரி தண்டுதலை ‘வசூல்’ என்கிறார். இரண்டும் அரபு வழி வந்தவை. கொடுத்ததும் கொண்டதும் பல நூற்றாண்டுக் கொடுக்கல் வாங்கலின் விளைவு.

திருவண்ணாமலையையே எடுத்துக்கொள்வோம். 1896 செப்டம்பர் முதல் நாள் பதினாறு வயதுச் சிறுவராக இந்நகர் வந்து சேர்ந்தார் இரமணர். அவர் எங்கும் செல்லவில்லை. உலகமே அவரை நாடி வந்தது. பால் பிரண்டன் என்னும் ஆங்கிலேயர் 1930களின் தொடக்கத்தில் வந்து, 1934இல் ஒரு நூல் எழுதினார். நாவலாசிரியர் சாமர்செட் மாம் 1938இல் வந்து சென்றார். அந்நாள் தொட்டு மலையைச் சுற்றிய தெருக்களில் அயல்நாட்டார் தங்குவது இயல்பாயிற்று. 14 கிலோமீட்டர் வலப்பாதையில் முழுமதி இரவுகளில் செல்லும் கூட்டத்தில் பல நாட்டார் நடக்கின்றனர். தேநீர்க் கடைக்காரரும் தானி ஓட்டுநரும் பல மொழிகளில் விலை சொல்லப் பழகிவிட்டனர். அவரவர் கொள்கை யாதாயினும், எந்த ஒப்பந்தத்தாலும் எந்த அமைப்பாலும் நிகழாத கலப்பு இது என்பதை எவரும் மறுக்கவியலாது. இதற்கு ‘ஆதல்’ என்னும் சொல்லே பொருந்தும்.

தோல் தொழில் கற்பித்த பாடம்

ஆக்கலுக்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1989இல் வட ஆர்க்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமாயிற்று. மறுபாதியில் நின்ற ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் வாழ்வு தோல் பதனிடும் தொழிலோடு பின்னியது. நம் சமுதாயத்தார் தலைமுறை தலைமுறையாக ஈடுபட்ட தொழில் அது. ஆவாரம் பட்டையில் ஊறிய தோல் கடல் கடந்து சென்ற காலம் நூற்றாண்டுக்கும் மேற்பட்டது.

1973இல் பச்சைத் தோல் ஏற்றுமதியை இந்திய அரசு தடை செய்தது. பதனிட்ட தோலும் காலணியும் இங்கேயே உருவாக வேண்டும் என்பது நோக்கம். பின்னர், 1989 இறுதியில் செருமனி நாடு பென்டாகுளோரோபீனால் என்னும் பூஞ்சைக் கொல்லி கலந்த பொருள்களுக்குத் தடை விதித்தது. தோல் பூஞ்சை பிடிக்காதிருக்க இங்கே அதனையே பயன்படுத்தி வந்தனர். சரக்குகள் மறுக்கப்பட்டன, சிறு தொழிற்கூடத்தார் திகைத்தனர். சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு மாற்று வழிகளைக் கற்க வேண்டியதாயிற்று. 1994இல் சில அசோச் சாயங்களுக்கும் செருமனி தடை அறிவித்தது. ஒரு நாட்டின் அரசிதழில் வெளிவந்த சில வரிகள் பாலாற்றங்கரையில் ஒரு தொழிலாளியின் வாரக்கூலியை முடிவு செய்தன. இங்கே எழுவாய் ஐயத்துக்கு இடமின்றித் தெரிகின்றது.

ஆயினும் நடுநிலை தவறாது ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்பூஞ்சைக் கொல்லி நஞ்சு என்பது உண்மை. அதனை நீக்கியதால் நம் தொழிலாளர் உடலும் நலம் பெற்றது. அதுபோலவே, 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் வேலூர்க் குடிமக்கள் நலமன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில், முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என உரைக்கப்பட்டது. தோல் தொழிற்கூடம் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் மாசுத் தண்டம் விதிக்கப்பட்டது. 1992இல் பிரேசில் நாட்டின் ரியோ நகரில் கூடிய புவி மாநாட்டில் உலக நாடுகள் ஏற்ற கோட்பாடுகள் அவை. பாலாற்றங்கரையில் கிணறு கெட்டுப்போன விவசாயிக்கு உலகம் அவ்வழியாகவும் வந்து துணைநின்றது. நம் தொழிலின் வருவாயை எண்ணி அவர்தம் கிணற்றை நாம் மறந்திருந்தோம் என்பதை ஒப்புக்கொள்வதில் இழுக்கில்லை. எனவே ஆக்கல் என்றவுடன் அது தீயது என முடிவுகட்டலாகாது. ஆக்குவோர் யார், எவர் நலன் கருதி ஆக்குகின்றனர் என்பதே வினா.

ஆரணிப் பட்டு

மாணவரின் ஊருக்கு வருவோம். ஆரணியிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் பட்டு நெசவே பல குடும்பங்களுக்குப் பிழைப்பு. 1985இல் இயற்றப்பட்ட கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் தொடக்கத்தில் 22 வகைத் துணிகளைக் கைத்தறிக்கே உரியவையாக்கிற்று. பின்னர் அவ்வெண்ணிக்கை 11ஆகக் குறைந்தது. உள்நாட்டுப் பட்டு நூல் போதாமையால் சீனத்திலிருந்து நூல் இறக்குமதியாயிற்று. பாவுக்கு ஏற்ற உறுதியும் ஒரே சீரும் அந்நூலில் இருந்தன. அதன் விலை குறைந்தபோது நெசவாளர் மகிழ்ந்தார். பட்டுப்புழு வளர்த்த விவசாயி கலங்கினார். 2003இல் இந்திய அரசு சீன மூலப் பட்டின் மீது பொருள் குவிப்புத் தடுப்பு வரி விதித்தது. இப்போது புழு வளர்ப்பவர் மூச்சு விட்டார். நெசவாளரின் நூல் விலை ஏறிற்று. ஒரே மாவட்டத்தில், ஒரே தொழிலின் இரு முனைகளில் நின்ற இருவர்க்கு ஒரே கொள்கை எதிரெதிர்ப் பயன்களைத் தந்தது. ‘உலகமயத்தால் நெசவு அழிந்தது’ என்றோ, ‘உலகமயத்தால் நெசவு செழித்தது’ என்றோ ஒரே வரியில் எழுதும் கட்டுரைகள் இவ்விடத்தில் தடுமாறுகின்றன.

இன்னுமொரு செய்தியும் நோக்கத்தக்கது. உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தத்தில் புவிசார் குறியீடு பற்றிய பகுதி உண்டு. அதனை ஒட்டி இந்தியா 1999இல் சட்டம் இயற்றிற்று. 2003 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தின்கீழ் ‘ஆரணிப் பட்டு’ என்னும் பெயர் பதிவு பெற்றுள்ளது. வேறிடத்தில் நெய்ததை ஆரணிப் பட்டு என விற்பது குற்றமாகும். உலகெங்கும் ஒரே பொருள் என்ற கொள்கையின் கருவியாக வந்த அமைப்பே ஓர் ஊர்ப்பெயருக்கு வேலியும் கட்டித் தந்தது. வேலி கட்டிய பின்னும் தறியில் அமர ஆள் வேண்டுமே என்பது வேறு கவலை.

செய்யாற்றின் காலணி

அந்த ஆள் எங்கே சென்றார்? மாணவர் பின்னொரு நாள் விளக்கினார். அவருடைய தமக்கையார் அதிகாலைப் பேருந்தில் ஏறிச் செய்யாற்றுக்குச் செல்கிறார். செய்யாறு சிப்காட் வளாகத்துச் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் தைவான் நாட்டுக் குழுமம் ஒன்றின் காலணித் தொழிலகம் இயங்குகின்றது. அங்கே உருவாவது உலகப் புகழ் பெற்ற அமெரிக்க நிறுவனம் ஒன்றின் விளையாட்டுக் காலணி. பணிபுரிவோரில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரச் சிற்றூர்களின் பெண்கள். தைவானின் முதல், அமெரிக்காவின் பெயர், திருவண்ணாமலை மாவட்டத்தின் கைகள். அணிவோர் எந்நாட்டாரோ அறியோம். உலகமயம் என்றால் என்ன என்று வினவும் மாணவர்க்கு இதைவிட எளிய படம் வேறில்லை.

தறியில் தந்தைக்குத் துணையாக ஊடை போட்டுக்கொண்டிருந்த காலத்தில் அத்தமக்கையாருக்கென்று தனிக் கூலி இருந்ததில்லை. இன்று மாதந்தோறும் அவர் பெயரில் வங்கிக் கணக்கில் ஊதியம் வருகின்றது. தம்பியின் கல்லூரிக் கட்டணம் அதிலிருந்து செலுத்தப்படுகின்றது. இதனை இழப்பு என்று எவ்வாறு எழுதுவது? மறுபுறம், அதே தொழிற்பேட்டையின் விரிவாக்கத்துக்கு மேல்மா முதலிய சிற்றூர்களில் நிலம் எடுப்பதை எதிர்த்து 2023இல் விவசாயிகள் நெடுநாள் போராடினர். அவ்வாண்டு நவம்பரில் ஏழு பேர் மீது குண்டர் தடுப்புச் சட்டம் ஏவப்பட்டது. எதிர்ப்பு வலுத்ததும் அவர்களுள் ஆறு பேர் மீதான ஆணையை அரசு திரும்பப் பெற்றது. ஒரே வளாகம் ஒருவர்க்கு ஊதியமாகவும் மற்றொருவர்க்கு நிலத்தின் மீதான அச்சமாகவும் நிற்கின்றது. வேலை வேண்டும் என்பாரும் நிலம் வேண்டும் என்பாரும் பெரும்பாலும் ஒரே தெருவினர் என்பதை நாம் மறத்தலாகாது.

கையெழுத்தால் மாறும் உலகமயம்

உலகமயம் இயற்கையின் போக்கு, அதனைத் தடுக்க எவராலும் இயலாது என்று 1990களில் பலர் எழுதினர். ஆற்று வெள்ளத்தோடும் சூரிய உதயத்தோடும் அதனை ஒப்பிட்டுப் பேசிய மேடைகளும் உண்டு. அக்கூற்று உண்மையா என்பதைக் காலம் காட்டியுள்ளது. உலக வணிக அமைப்பின் மேல்முறையீட்டு மன்றம், புதிய உறுப்பினர் அமர்த்தத்துக்கு அமெரிக்கா இசையாமையால், 2019 டிசம்பர் முதல் செயலிழந்தது. சந்தையைத் திறந்து விடுமாறு பிற நாடுகளை வற்புறுத்திய அதே அமெரிக்கா 2025 ஆகஸ்டு 27 முதல் இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீது 50 விழுக்காடு வரி விதித்தது. திருப்பூரின் பின்னலாடைக் கூடங்களும் ஆம்பூரின் தோல் கூடங்களும் அந்த அறிவிப்பால் கலங்கின.

இதிலிருந்து பெறப்படும் முடிவு தெளிவானது. சூரிய உதயத்தை ஓர் ஆணையால் நிறுத்த இயலாது. ஒரு கையெழுத்தால் சுருங்கக்கூடியது, முன்னர் வேறு கையெழுத்துகளால் விரிந்ததாகவே இருத்தல் வேண்டும். வணிகத்தைப் பொறுத்தவரை ‘ஆக்கல்’ என்னும் சொல்லே பொருத்தமானது என்பதற்கு இதனினும் வலுவான சான்று வேண்டுவதில்லை. சொற்கள், உணவு, வழிபாடு, நட்பு, கல்வி ஆகியவற்றின் கலப்புக்கு ‘ஆதல்’ பொருந்தும். வரி, உரிமம், ஒப்பந்தம், நிலம் ஆகியவற்றின் மாற்றத்துக்கு ‘ஆக்கல்’ பொருந்தும். இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கும்போது, இரண்டாவதற்குரிய பொறுப்பு முதலாவதன் இயல்புக்குள் மறைந்துவிடுகின்றது.

முடிவுரை

இச்சொல்லைக் கையாளும் மாணவர்கள் வேற்றுமை உருபுகளைக் கொண்டே அதனைச் சோதிக்கலாம் என்பது நம் பரிந்துரை. யார் செய்தது? இது எழுவாய். எதை மாற்றியது? இது ஐயுருபு. யாரால், எக்கருவியால் நிகழ்ந்தது? இஃது ஆலுருபு. யாருக்கு நன்மை, யாருக்கு இழப்பு? இது குவ்வுருபு. இந்நான்கு வினாக்களுக்கும் விடை எழுதிய பின்னர் ‘உலகமயம்’ என்னும் சொல்லை எழுதினால் அது பொருளுடைய சொல்லாகும். விடை இன்றி எழுதினால் அது வெறும் ஒலியாகும். மேடையில் அச்சொல்லைக் கேட்கும் பெரியோரும் இவ்வினாக்களைப் பேச்சாளரிடம் கேட்கலாம்.

மாணவர் கேட்ட வினாவுக்கு இன்று நாம் தரக்கூடிய விடை இதுதான். தறியின் நூல் விலையும், வரியும், விசைத்தறியோடு நேர்ந்த போட்டியும் பிறர் ஆக்கியவை. அந்த அளவில் தறி நிறுத்தப்பட்டது. தமக்கையார் தம் பெயரில் ஓர் ஊதியம் வேண்டும் எனத் தாமே தேர்ந்து பேருந்தில் ஏறினார். அந்த அளவில் தறி நின்றது. இரண்டையும் எழுத வேண்டும். ஒன்றை மட்டும் எழுதினால் தந்தைக்கோ தமக்கைக்கோ தவறிழைத்தவராவோம்.

அவ்வீட்டுத் தறி இன்னும் பிரிக்கப்படவில்லை என்று மாணவர் கூறினார். தந்தையார் வாரம் ஒரு முறை அதன் மேல் படிந்த தூசியைத் துடைக்கிறாராம். அன்றைய தாளில் அவருக்கு நாம் வழங்கிய மதிப்பெண் குறைவு. சொல்லைத் தேர முடியாமல் கட்டுரையை அவர் பாதியில் நிறுத்தியிருந்தார். இரு சொற்களின் வேறுபாட்டை உணர்ந்து தயங்கியவர் அவர் ஒருவரே என்பதை அன்று நாம் உணர்ந்திருந்தோமானால், அம்மதிப்பெண்ணை வேறு விதமாக இட்டிருப்போம்.